அலைப்பலகையும் அதைச் சோதித்தவர்களும்

விடுமுறைக்குச் சென்னை சென்று மீளும் அன்பர்கள் சிலர், நகருக்குத் தெற்கே கோவளம் கடற்கரையில் தாம் கண்ட காட்சி ஒன்றை வியப்போடு விவரிப்பதுண்டு. மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் வண்ணப் பலகைகளின்மேல் நின்றவாறு, எழுந்து வரும் அலையின் முகத்திலே சறுக்கிக் கரை சேருகிறார்கள். பலகையோ ஒரு கையால் தூக்கிச் செல்லும்படி இலேசானது. அதன் அடியில் மீனின் செட்டையைப் போன்ற தகடு நிற்கிறது. ஓட்டுபவரின் கணுக்காலில் ஒரு வார். வாரின் மறுமுனை பலகையின் வாலில். விழுந்தால் பலகை ஓடிப்போவதில்லை. மனிதனோடு மிதந்து காத்திருக்கிறது.

இந்தப் பலகைக்கு அவ்வளவு இலேசான உடல் எங்கிருந்து வந்தது, அடியில் தகடு எதற்கு, காலில் வார் கட்டலாம் என்று யாருக்குத் தோன்றிற்று என்று கேட்டால், விடையைத் தேடி நாம் பசிபிக் மாகடலுக்குத்தான் போகவேண்டும். ஹவாய்த் தீவுகளிலும் கலிபோர்னியாக் கரையிலும் கடந்த நூறு ஆண்டுகளில் இவை ஒவ்வொன்றாகத் தோன்றின. பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனைகளல்ல அவை. செய்தவர் தாமே அதைச் சுமந்துகொண்டு கடலில் இறங்கினார். நன்றாக அமைந்ததா, இல்லையா என்பதை அலை சொல்லிற்று. அலை சொன்ன விடையைக் கேட்டபின் கரைக்குத் திரும்பாதவரும் உண்டு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இவ்விளையாட்டைச் சர்ஃபிங் என்பர். மொழிபெயர்ப்பு அலுவலில் நெடுங்காலம் இருந்துவிட்ட நமக்கு எதைக் கண்டாலும் ஒரு தமிழ்ப் பெயர் வைக்காவிட்டால் உறக்கம் வாராது. ஆகவே இக்கட்டுரையில் பலகையை அலைப்பலகை என்றும், காலில் கட்டும் கயிற்றைக் கால்வார் என்றும் வழங்குகிறோம். இவற்றினும் நல்ல சொற்கள் கோவளத்துப் பிள்ளைகளிடம் இருக்கக்கூடும்.

ஹவாய் மக்களுக்கு அலையேறுதல் மிகப் பழைய கலை. கப்பல் தலைவர் குக் தமது மூன்றாம் கடற்பயணத்தின்போது 1779ஆம் ஆண்டில் அத்தீவுகளில் கொல்லப்பட்டார். அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி, அங்குள்ளோர் பலகைகளின்மேல் அலையேறி விளையாடுவதைக் கண்டு விரிவாக எழுதிவைத்தார். ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களால் அம்மக்களின் தொகை பின்னர்ப் பெரிதும் குன்றிற்று. 1820இல் வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரிமார்களுக்கு இவ்விளையாட்டு உவப்பாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலையேறுவோர் மிகச் சிலராகிவிட்டனர். பின்பு ஹொனலூலு நகரத்து வைகீகீக் கரையில் இக்கலை மறுபடியும் தளிர்த்தது. அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் டியூக் கஹனமோகு என்ற ஹவாய் நாட்டு நீச்சல் வீரர். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1914-15ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியா சென்று, சிட்னிக்கு அருகே அலையேறிக் காட்டினார்.

அலைப்பலகை விளையாட்டுக்கு மட்டுமன்று என்பதையும் டியூக்கே மெய்ப்பித்தார். 1925 ஜூன் 14ஆம் தேதி கலிபோர்னியாவில் நியூபோர்ட் துறைமுக வாயிலில் ‘தெல்மா’ என்னும் மீன்பிடி படகு பேரலையில் கவிழ்ந்தது. நீரில் வீழ்ந்தவர் 29 பேர். டியூக் தம் பலகையோடு அந்தக் கொந்தளிப்பில் பாய்ந்து, போவதும் மீள்வதுமாக 8 பேரைக் கரை சேர்த்தார். 17 பேர் மாண்டனர். கடற்கரைக் காவலர் கைகளில் மீட்புப் பலகை இடம்பெறுவதற்கு இந்நிகழ்ச்சி ஒரு தூண்டுகோல் ஆயிற்று.

அந்நாளைய பலகைகள் செம்மரம் போன்ற ஊசியிலை மரத்தின் கட்டைகளைச் செதுக்கியவை. அமெரிக்காவில் ரெட்வுட் என்று வழங்கும் அம்மரம், ஆந்திரத்துச் செஞ்சந்தனத்தோடு யாதோர் உறவும் இல்லாதது. அதில் செய்த பெரிய பலகை ஒன்று 100 ராத்தல், அதாவது சுமார் 45 கிலோ கனக்கும். நீரில் ஊறினால் இன்னும் கூடும். கரையிலிருந்து நீருக்குக் கொண்டுபோவதே ஒரு தேகப்பயிற்சி. அலையில் அது கைவிட்டுப் போய், எதிரே நீந்துபவரின்மேல் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கனத்தோடு முதலில் மல்லுக்கட்டியவர் டாம் பிளேக். அவர் 1902இல் கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டில் டிட்ராய்ட் நகரத்துப் படக்கொட்டகை ஒன்றில் தற்செயலாக டியூக்கைச் சந்தித்துக் கைகுலுக்கினாராம். அந்தக் கைகுலுக்கல் அவரை மேற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. 1924இல் ஹவாய் சேர்ந்தார். ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் பழங்காலத் தலைவர்களின் நெடும்பலகைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன; அவற்றைச் செப்பனிடும் வேலையை மேற்கொண்டார். 15 அடிக்கு மேல் நீண்ட அப்பலகைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இதே வடிவில் ஒன்று செய்தால் என்ன என்ற ஆசை பிறந்தது. செய்தார், கனம் தாங்கவில்லை. உடனே துளைக்கருவியை எடுத்துக் கட்டையில் மேலிருந்து கீழாக நூற்றுக்கணக்கான துளைகளை இட்டு, மேலும் கீழும் மெல்லிய மரத்தகட்டால் மூடி ஒட்டினார். ஈரம் உலர்ந்து, உள்ளே காற்று நிறைந்த பலகை கிடைத்தது. சில ஆண்டுகளில் துளையிடுவதையும் விட்டார். ஆகாய விமானத்தின் இறக்கையைப் போல உள்ளே விலாச் சட்டங்கள் வைத்து, மேலே மெல்லிய ஒட்டுப்பலகை போர்த்தினார். 1932இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

வைகீகீயில் நடந்த பந்தயங்களில் பிளேக் இந்தப் பொள்ளற்பலகையோடு இறங்கி வெற்றி பெற்றபோது முணுமுணுப்பு எழுந்தது. இது பலகையா, படகா என்று சிலர் கேட்டனர். புதுக் கருவியோடு போட்டிக்கு வருபவனைக் கண்டு, கருவி இல்லாதவன் குறை சொல்வது எங்கும் உள்ளதே. ஆயினும் பொள்ளற்பலகைக்கு உண்மையான குறை ஒன்று உண்டு, அது ஒழுகும். ஆகையால் நீரை வடிக்க ஒரு திருகுமூடியும் வைத்தார்கள். கரையேறியதும் மூடியைத் திறந்து பலகையைச் சாய்த்து நீர் வடிப்பது அக்காலத்து அலையேறிகளின் வழக்கமாயிற்று. கடற்கரைக் காவலர்களோ அதன் மிதப்பைக் கண்டு விரும்பி ஏற்றுக்கொண்டனர்.

1935ஆம் ஆண்டில் பிளேக் இன்னொன்று செய்தார். பாழடைந்து கிடந்த விசைப்படகு ஒன்றின் உலோக அடித்தகடு அவர் கையில் அகப்பட்டது. ஏறத்தாழ ஓரடி நீளமும் நான்கங்குல ஆழமும் உள்ளது. அதைத் தம் பலகையின் வாற்பக்கத்து அடியிலே பொருத்தி வைகீகீயில் அலையேறினார். அதுவரை பலகையைத் திருப்பவேண்டுமானால் ஒரு காலை நீரில் தொங்கவிட்டு இழுக்கவேண்டும். செங்குத்தான அலையில் வால் பக்கவாட்டில் வழுக்கிவிடும். தகடு பொருத்தியதும் வால் நின்ற இடத்தில் நின்றது. மீனுக்குச் செட்டையும் படகுக்குச் சுக்கானும் இருக்க, பலகை மட்டும் ஏன் இத்தனை நூற்றாண்டுகள் மொட்டையாக இருந்தது என்று இன்று நமக்கு வியப்பாக இருக்கிறது. அதைவிட வியப்பு, கண்டுபிடித்த பின்னும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதைப் பொருட்படுத்தியவர் சிலரே என்பது.

அப்படிப் பொருட்படுத்தாதவர்களுள் ஹொனலூலு இளைஞர் மூவர் இருந்தனர்: ஜான் கெல்லி, வாலி ஃப்ராய்செத், ஃபிரான் ஹீத். 1937ஆம் ஆண்டில் ஒரு நாள் பெரிய அலைகளில் அவர்களுடைய பலகைகளின் வால் மீண்டும் மீண்டும் வழுக்கிற்று. வெறுப்புற்று வீடு திரும்பிய கெல்லி, ஒரு கோடரியை எடுத்து ஹீத்தின் பலகையின் அகன்ற வாலை இருபுறமும் வெட்டிக் குறுக்கி, அடிப்பாகத்தை ஏறத்தாழக் கூர்ப்பாகச் செதுக்கிவிட்டார். அன்றைக்கே அதைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தனர். குறுகிய வால் நீரில் ஆழமாக அழுந்தி, அலையின் முகத்தைப் பற்றிக்கொண்டது. தகடு இல்லாமலே வழுக்கல் நின்றது. தம் பலகையைக் கோடரிக்குக் கொடுத்த ஹீத்தின் மனநிலையை எண்ணிப் பார்க்கிறோம். நண்பர்கள் என்றால் அப்படித்தான்.

கோடரி வெட்டிய பலகை ஒரு கதவைத் திறந்தது. அதுவரை அஞ்சி ஒதுங்கியிருந்த பெரிய அலைகளை நோக்கி அவர்கள் போகலாயினர். ஓவாஹூத் தீவின் வடகரையில் குளிர்காலத்தில் வரும் அலைகள் அத்தகையவை. 1943 டிசம்பரில் உடி பிரவுன், டிக்கி கிராஸ் என்ற இருவர் இத்தகைய பலகைகளோடு அங்கே சன்செட் கடற்கரையில் இறங்கினர். கிராசுக்கு வயது 17. அவர்கள் கடலில் இருக்கும்போதே அலைகள் மளமளவென்று உயர்ந்து, கரைக்கு மீளும் வழியை அடைத்துவிட்டன. சில மைல் தொலைவில் உள்ள வைமேயா வளைகுடாவில் நீர் ஆழமாதலால் அங்கே கரையேறலாம் என்று எண்ணி, வெளிக்கடலிலே கைகளால் துடுப்பிட்டுச் சென்றார்கள். அந்தி சாயும் நேரத்தில் வளைகுடாவின் வாயிலும் அலை சுவர்போல் எழுந்துகொண்டிருந்தது. பிரவுன் தம் பலகையை இழந்து, அரைமயக்கத்தில் மணலில் ஒதுங்கினார். கிராசின் உடல் கிடைக்கவேயில்லை. அதன் பிறகு 1957 நவம்பர் வரை, கிரெக் நோல் முதலிய சிலர் துணிந்து இறங்கும்வரை, வைமேயாவின் பேரலைகளை எவரும் ஏறிப் பார்க்கவில்லை.

பிரவுனின் பெயரை இங்கே நாம் கடந்துபோக முடியாது. அவர் விமானப் பொறியில்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். போர்க்காலத்தில் பசிபிக்கின் கிறிஸ்துமஸ் தீவில் வேலை பார்க்கையில், பாலினீசிய மக்களின் இரட்டை ஓடங்கள் காற்றில் பறப்பதைக் கண்டார். 1947இல் ஹொனலூலுவில் நண்பர்களோடு சேர்ந்து ‘மானு கை’ என்ற இரட்டைப் பாய்மரப் படகைக் கட்டினார். இன்றைய இரட்டைப் படகுகளுக்கு அது ஒரு முன்னோடி. அவ்வகைப் படகுக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் ‘கேட்டமரான்’. அது நம் கட்டுமரமே! சோழமண்டலக் கரையில் மீனவர் கட்டைகளை இணைத்துக் கட்டிச் செல்வதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி, 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் இச்சொல்லை எழுதிவைத்தார். நம் கட்டுமரத்தில் இரண்டு ஓடங்கள் இல்லை. கட்டிய கட்டைகள்தாம் உண்டு. சொல் கப்பலேறிப் போனபின் பொருள் மாறிவிட்டது. அயலூர்களில் வாழும் நமக்கு இது புதிதன்று. நம்முடைய பெயர்களும் இங்கே என்னென்ன உருவங்களை எடுக்கின்றன!

போர் முடிந்தபின் கலிபோர்னியாவில் புதுப் பொருள்கள் மலிந்தன. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் என்று ஆக்கிய கண்ணாடி நாரிழையும் செயற்கைப் பிசினும் கடைகளில் கிடைக்கலாயின. தென் அமெரிக்கப் பால்சா மரம் தக்கையைப்போல் இலேசு. ஆனால் நீரை உறிஞ்சும். அதன்மேல் நாரிழைத் துணியைப் போர்த்திப் பிசினைப் பூசினால் நீர் புகாது. 1947இல் ஜோ குயிக் என்பவர், திரைப்பட முதலாளி ஒருவரின் மகளான டேரிலின் சானக் என்ற இளம்பெண்ணுக்காக, தூக்க எளிதாக இருக்கட்டும் என்று இலேசான சிறு பலகை ஒன்றைச் செய்து கொடுத்தார். பெண்பிள்ளையின் பலகைதானே என்று இரவல் வாங்கிச் சென்ற ஆடவர்கள், அது தங்கள் பலகைகளைவிட எளிதில் திரும்புவதைக் கண்டு திருப்பித் தர மனமில்லாமல் நின்றார்களாம். விரைவில் எல்லோரும் அத்தகைய பலகையையே கேட்கலாயினர்.

அக்காலத்துக் கைவினைஞர்களுள் கணக்கறிந்தவர் பாப் சிம்மன்ஸ். மிதிவண்டி விபத்தில் இடக்கை முழங்கை முடங்கிப்போனவர்; அதற்குப் பயிற்சியாகவே கடலுக்கு வந்தார். கால்டெக் என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். விரைவுப் படகுகளின் அடிப்பாகம் நீரில் எவ்வாறு எழும்பிச் சறுக்குகிறது என்பதைப் பற்றி லிண்ட்சே லார்ட் எழுதிய 1946ஆம் ஆண்டு நூலை வரிவரியாகப் பயின்று, அந்தக் கணக்குகளைப் பலகையில் ஏற்றினார். மூக்கை உயர்த்தினார், விளிம்புகளை மெலிதாக்கினார், ஸ்டைரோஃபோம் என்ற நுரைக்கட்டையை நடுவிலே வைத்து ஒட்டுப்பலகையால் மூடியும் பார்த்தார். செய்த ஒவ்வொன்றையும் தாமே ஓட்டிப் பார்த்தார். 1954 செப்டம்பரில் லா ஹோயாவின் விண்டன்ஸீ கரையில் அலையேறுகையில் மூழ்கி இறந்தார். வயது 35. சில நாட்கள் கழித்தே அவர் உடல் கரை ஒதுங்கிற்று.

சிம்மன்ஸ் தொடங்கிவைத்த நுரை, அவர் மறைந்த பிறகு பலகையின் முழு உடலும் ஆயிற்று. 1958இல் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் லகூனா பள்ளத்தாக்கிலே, சன்னல்களுக்கு வண்ணம் அடித்து மறைத்த ஒரு கொட்டகையில், பாலியூரித்தேன் நுரையைப் பலகையாக வார்க்கும் வேலையைத் தொடங்கினர். இரு திரவங்களைக் கலந்தால் பால் பொங்குவதுபோல் பொங்கி, அச்சை நிறைத்து, இறுகும்; சிறிது பிசகினால் அச்சையே பெயர்க்கும். அடுத்த ஆண்டு ‘கிட்ஜெட்’ என்ற திரைப்படம் வெளிவந்து, ஆயிரக்கணக்கான இளைஞர் பலகை கேட்டு வந்தபோது பால்சா போதவில்லை, நுரை கைகொடுத்தது. 1961இல் கிளார்க் தனியே தொழிற்சாலை அமைத்தார். அமெரிக்கப் பலகைகளின் பெரும்பகுதிக்குரிய நுரை அங்கிருந்தே வந்தது. அந்த நுரைக்குத் தேவையான டொலுயீன் டைஐசோசயனேட் நச்சுப் பொருள். 2005 டிசம்பர் 5ஆம் தேதி, முன்னறிவிப்பின்றி, கிளார்க் தொழிற்சாலையை மூடிவிட்டார். அரசாங்க விதிகளையும், தொழிலாளர் பொருட்டுத் தம்மேல் விழக்கூடிய பொறுப்பையும் காரணங்களாக எழுதினார். கடலில் பலகையைச் சோதித்தவனுக்கு வந்த ஆபத்தை எல்லோரும் பேசுகின்றனர்; வார்ப்புக் கொட்டகையில் ஆவியை முகர்ந்தவனுக்கு வந்த ஆபத்தைப் பேசுபவர் குறைவு. நம் வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

இனிக் குளிரைப் பற்றி. ஹவாயில் நீர் வெதுவெதுப்பானது. வட கலிபோர்னியாவிலோ அது பல மாதங்களில் 10 முதல் 14 டிகிரி செல்சியஸ்தான். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அலையேறிகள் கம்பளிச் சட்டை அணிந்து பார்த்தார்கள். அதன்மேல் எண்ணெய்ப் பூச்சும் பூசிப் பார்த்தார்கள். கரையில் தீ மூட்டி நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

இதற்கு விடை கண்டவர் அலையேறியல்லர். ஹியூ பிராட்னர் என்ற இயற்பியல் அறிஞர். போர்க்காலத்தில் லாஸ் அலமோசில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியவர். பின்னர் பெர்க்கிலியில் இருந்தார். கடற்படை முக்குளிப்போர் குளிரால் படும் பாட்டைப் போக்க முயன்றவர், 1951இல் ஓர் எளிய உண்மையைக் கண்டார். அதுவரை எல்லோரும் உடலை நனையாமல் வைப்பது எப்படி என்றே யோசித்தனர். நனைந்தால் என்ன என்று அவர் கேட்டார். நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரின் நுரையில் கோடிக்கணக்கான வாயுக் குமிழிகள் சிறைப்பட்டிருக்கின்றன. குளிரைத் தடுப்பவை அக்குமிழிகளே. உள்ளே சிறிது நீர் புகுந்தாலும் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி நின்றுவிடும். ‘வெட் சூட்’ எனப்படும் நீர்ச்சட்டை இவ்வாறு பிறந்தது. கடற்படையினர் அதை உடனே ஏற்கவில்லை. வாயுக் குமிழிகளால் எதிரியின் ஒலியுணர் கருவியில் முக்குளிப்போர் சிக்கிவிடலாம் என்று தயங்கினர். பிராட்னருக்குக் காப்புரிமையும் கிட்டவில்லை. பொருளும் சேரவில்லை. ஆலோசகராக அரசாங்கத்துக்குப் பணிபுரிந்தவர், அதைக் கொண்டு செல்வம் ஈட்டுவது தமக்குத் தகாது என்றும் கருதினார்.

செல்வமும் புகழும் கடைகளுக்குப் போயின. 1952இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் ஜாக் ஓ'நீல் ஒரு கடை வைத்தார். ரெடோண்டோ கரையில் 1953 முதல் பாப் மெய்ஸ்ட்ரெல், பில் மெய்ஸ்ட்ரெல் என்ற இரட்டையர் கடை நடத்தினர். இரு தரப்பாரும் நீர்ச்சட்டையின் தந்தை தாமே என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தனர். 1998இல் கரோலின் ரெய்னி என்ற ஆராய்ச்சியாளர் பழைய கடிதங்களைப் புரட்டி, முதன்மை பிராட்னருக்கே உரியது என்று நிறுவினார். ஆனால் அலையேறியின் உடம்புக்கு அதைப் பொருத்தி, ஊரெங்கும் பரப்பிய பெருமையை ஓ'நீலுக்கு மறுக்க முடியாது. படகுக் கண்காட்சிகளில் தம் சிறு குழந்தைகளுக்கு நீர்ச்சட்டை அணிவித்து, பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் இறக்கிவிட்டு, வருவோருக்குக் காட்டுவாராம்! தாம் செய்த பொருளில் அத்தனை நம்பிக்கை. நம் ஊர்த் தாய்மார் அங்கே இருந்திருந்தால் கண்காட்சி வேறுவிதமாக முடிந்திருக்கும்.

அக்குழந்தைகளுள் ஒருவரான பாட் ஓ'நீல் வளர்ந்து, 1971ஆம் ஆண்டில் மாலிபுவில் நடந்த போட்டிக்குப் பலகையின் முனையிலிருந்து கைக்கு ஓடும் ரப்பர்க் குழாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். மருத்துவர் பயன்படுத்தும் குழாய் அது. கரையில் நின்றவர்கள் நகைத்தனர். கற்றுக்குட்டியின் கயிறு என்று பட்டம் சூட்டினர். அதுவரை பலகையை இழந்தவன் நீந்திப் போய்த்தான் அதை எடுக்கவேண்டும். நீந்தத் தெரியாதவன் அலையேறியாக முடியாது. கயிறு கட்டுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம் பலருக்கு இருந்தது.

நகைப்பு விரைவில் ஓய்ந்தது, நகைத்தவர்களும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் ரப்பர் நீளும். நீண்ட ரப்பர் சும்மா இராது. விழுந்தவனிடமிருந்து அலை பலகையை இழுத்துச் செல்லும். ஓர் எல்லையில் ரப்பர் கவண்போல் சுண்டி, பலகையை அவன்மேலேயே திருப்பி எறியும். அதே 1971ஆம் ஆண்டில் சாண்டா குரூசில் மகனின் கண்டுபிடிப்பைக் கட்டிக்கொண்டு அலையேறிய ஜாக் ஓ'நீலின் முகத்தில் பலகை அவ்வாறு பாய்ந்தது. இடக்கண் போயிற்று. பின்னர் வார்கள் அவ்வளவு நீளாத பொருள்களால் செய்யப்பட்டு, கணுக்காலுக்கு மாறின. ஜாக் கண்ணின்மேல் கறுப்புத் திரை ஒன்றைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவாறே இருந்தார். அந்தக் கறுப்புத் திரையே அவர் அடையாளம் ஆயிற்று. 2017இல் தம் 94ஆம் வயதில் காலமானார்.

கால்வாரால் பலகைகள் பாறையில் மோதி உடைவது குறைந்தது. நீந்துவோர்மேல் ஓடிவந்து மோதுவதும் குறைந்தது. அதனாலேயே நீச்சல் தெரியாதோரும் துணிந்து இறங்கினர். பலகையை இழக்கும் அச்சமின்றி, முன்பு நெருங்காத பாறைக் கரைகளுக்கும் சென்றனர். வட கலிபோர்னியாவின் மேவரிக்ஸ் அத்தகைய இடம். 1994 டிசம்பர் 23 அன்று ஹவாயிலிருந்து வந்த புகழ்பெற்ற அலையேறி மார்க் ஃபூ அங்கே விழுந்து மறைந்தார். சில மணி நேரத்துக்குப் பின் உடல் மிதந்தபோது, உடைந்த பலகையின் வால் துண்டு வாரோடு அவர் காலில் இருந்தது. வார் பாறையில் சிக்கியிருக்கலாம் என்று பலர் கருதினர்.

இதற்கிடையில் மிகப் பெரிய அலைகள், கைகளால் துடுப்பிட்டு எட்ட முடியாத வேகத்தில் செல்வதால், அவற்றுக்கு வேறு வழி கண்டிருந்தனர். 1992ஆம் ஆண்டில் லெயர்ட் ஹாமில்டன் முதலிய மூவர், காற்றடைத்த விசைப்படகு ஒன்றால் ஒருவரையொருவர் கயிற்றில் இழுத்து அலைமேல் விட்டுப் பார்த்தனர். பின்பு படகின் இடத்தை நீர்மோட்டார் வண்டி பிடித்தது. அதற்கென்று செய்த பலகைகளில் கால்களை மாட்டிக்கொள்ளப் பட்டைகள் வந்தன. இங்கே ஒரு வேடிக்கை. டாம் பிளேக் நூற்றுக்கணக்கான துளைகளையிட்டுக் குறைத்த கனத்தை இவர்கள் ஈயக்கட்டி வைத்துக் கூட்டினார்கள். வேகத்தில் பலகை சிற்றலைகளின்மேல் துள்ளாமல் இருப்பதற்காக! 2020 அக்டோபர் 29 அன்று போர்ச்சுகல் நாட்டின் நசாரேயில் செபாஸ்டியன் ஸ்டொய்ட்னர் இவ்வாறு இழுக்கப்பட்டு ஏறிய அலையின் உயரம் 26.21 மீட்டர் என அளந்தார்கள். ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

அத்தகைய அலை உடைந்து ஒருவனை ஆழத்தில் அழுத்தினால், அடுத்த அலை வருமுன் அவன் மேலே வரவேண்டும். 2010ஆம் ஆண்டில் ஹவாயைச் சேர்ந்த ஷேன் டோரியன் மேவரிக்ஸில் விழுந்து, இரண்டு அலைகள் கடக்கும்வரை நீருக்கடியில் அகப்பட்டு, உயிர் பிழைத்தார். விமானப் பயணத்தில் இருக்கைக்கு அடியில் இருக்கும் மிதவைச் சட்டை அவர் நினைவில் நின்றது. கயிற்றை இழுத்தால் சிறு உருளையிலிருந்து கரியமில வாயு பாய்ந்து முதுகுப் பையை ஊதும் நீர்ச்சட்டையை, பில்லபாங் நிறுவனத்தின் சட்டை வடிவமைப்பாளரோடு சேர்ந்து உருவாக்கித் தாமே அணிந்து சோதித்தார். 2011 மார்ச் 16ஆம் தேதி, அதே மேவரிக்ஸில், ஸியான் மிலோஸ்கி என்ற 35 வயது ஹவாய்க்காரர் இரு அலைகளின் கீழ் அகப்பட்டு மாண்டார். அவருக்கு மனைவியும் இரு பெண் குழந்தைகளும் இருந்தனர். காற்றூதும் சட்டை அந்நாளில் கடைக்கு வந்திருக்கவில்லை.

அது பல நிறுவனங்களின் பெயரில் பின்னர்ப் பரவிற்று. அணிந்தவர்கள் கடலிலிருந்து கொணர்ந்த முதற்செய்திகளுள் ஒன்று இது: ஊதிய சட்டை மனிதனை நீரின் மேற்பரப்பிலேயே நிறுத்திவிடுகிறது, அடுத்த பேரலை முகத்துக்கு நேரே வரும்போது அவனால் அதன் அடியில் முழுகிக் கடக்க இயலவில்லை. ஆகவே இப்போது அணியும் சட்டைகள் பலவற்றில், காற்றை நிரப்ப ஒரு கயிறும், நிரம்பிய காற்றை வெளியேற்ற வேறொரு கயிறும் வைத்திருக்கிறார்கள். எதை எப்போது இழுப்பது என்பதைக் குளத்திலே கண்ணை மூடிக்கொண்டு பலமுறை பழகிய பின்பே கடலுக்குப் போகிறார்கள்.